ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல்

திங்கள், ஜூலை 8

காற்று. காலையில் துவைத்துப் போட்ட ஆறு படுக்கை விரிப்பில் ஒன்று பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில். கண்டக்குழி லொட்ஜில் எனக்கு முன்மேசை வேலை என்றுதான் சொன்னார்கள். விரிப்பைத் துரத்திப் பிடிக்கிற வேலை கடிதத்தில் இல்லை.

மதியம் வீட்டில் ஒரு படிவம் நிரப்பினேன். கற்பிட்டித் துறைப்பக்கம் பழைய உப்புக் கிட்டங்கியில் ஓவியக் கண்காட்சி. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூன்று பேரும் இந்தக் கரையை ஆண்ட கதை. சனிக்கிழமை காது கேளாதவர்களுக்குத் தனிச் சுற்று. சைகை மொழியில் சொல்ல ஆள் வேண்டுமாம். லொட்ஜ் முதலாளி என் பேரைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் என்னிடம் கேட்டார்.

பெயர்: நஸ்ரின். வயது: 29. சைகை மொழி கற்ற இடம்: வீடு. அனுபவம்: 29 வருடம் என்று எழுதி, வெட்டி, 22 என்று போட்டேன். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் காது கேட்காது, எனக்குக் கேட்கும். ஏழு வயதில் முதன்முதலாக வங்கிக்குக் கூட்டிப் போனார்கள், அவர்களுக்காகக் கதைக்க. மேசை என் தலைக்கு மேலே இருந்தது. அன்றிலிருந்து எண்ணினால் 22.

சான்றிதழ் இணைக்கவும் என்று இருந்தது. பெற்றோரை எப்படி இணைப்பது.

வாப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து படிவத்தைப் பார்த்தார். கையால் ஒரே கேள்வி: "சாப்பாடு தருவாங்களா?" தருவார்கள் என்றேன். தானும் உம்மாவும் வருகிறார்களாம்.

புதன், ஜூலை 10

காற்று இன்னும். லொட்ஜில் மூன்று வெள்ளைக்காரர், மூன்று பேருக்கும் முதுகு உரிந்துவிட்டது. தயிர் கேட்டார்கள், பூச.

ஓவியர் சுகந்தி போன் எடுத்தா (இனி சு.). யாழ்ப்பாணம் ஊர், இருப்பு கொழும்பு. கண்காட்சி முழுக்க இவவின் கைவேலை. இனிமையான குரல், ஆனால் மூச்சு விடுவதே இல்லை.

"நஸ்ரின், ஒண்டு சொல்லவேணும், கோவிக்காதேங்கோ. அவை கையாலை என்ன சொன்னாலும் நீங்கள் வாயாலை அப்பிடியே சொல்லவேணும். ஒண்டும் கூட்டப்படாது, ஒண்டும் குறைக்கப்படாது. 'அவர் சொல்றார்' எண்டும் சொல்லப்படாது. 'நான்' எண்டுதான் சொல்லவேணும். அண்டைக்கு அவையின்ர குரல் நீங்கள்தான்."

"ஓம்" என்றேன். ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல். நானா?

நான் செய்த மொழிபெயர்ப்புகளில் சில:

பள்ளிக்கூடம், ஏழாம் ஆண்டு. அதிபர் வாப்பாவிடம்: "இவ வாய மூடவே மாட்டா." நான் கையால்: "நல்லா வாசிக்கிறாளாம்." வாப்பா சந்தோஷத்தில் அதிபருக்கு ஒரு சேர்ட் தைத்துக் கொடுத்தார். அதிபருக்கு ஏன் என்று கடைசிவரை விளங்கவில்லை.

ஆஸ்பத்திரி. டொக்டர்: "உப்பக் குறைக்கச் சொல்லுங்க." நான்: "உப்பக் குறைக்கணுமாம், பீடிய விடணுமாம்." வாப்பா அன்றைக்கே பீடியை விட்டார். இதை நான் பாவக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மற்றது நுளம்பு.

இரண்டு வருடத்துக்கு முந்தி என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அழகான தாடி, கதை இல்லை. கதைக்கெல்லாம் அவனுடைய மாமா, பசாரில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். அவர் வாப்பாவைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "கேட்டுச் சொல்லுங்க. பொறக்கிற புள்ளயளும் இவரப் போல ஊமையா வந்தா என்ன செய்றது?"

வாப்பா சிரித்த முகத்தோடு என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். புதுச் சேர்ட், அவரே தைத்தது.

நான் கையால் சொன்னேன்: "இங்க நுளம்பு கூடவா எண்டு கேக்கிறார்."

வாப்பா உற்சாகமாக: "சரியான நுளம்பு! மஃரிபுக்குக் கடிக்கத் தொடங்கினா விடியும் வரைக்கும். பின்னால கான் ஒண்டு இரிக்கிது, தண்ணி ஓடாது."

நான் மாமாவுக்கு வாயால்: "வாப்பா சொல்றாங்க, உங்கட குடும்பத்துக்குப் பொண்ணு குடுக்க விருப்பமில்லயாம். எழும்பிப் போகட்டாம்."

போய்விட்டார்கள். வாப்பா வாசலில் நின்று கேட்டார்: "நுளம்புக்கா பயந்து போறாங்க?" ஓம் என்றேன்.

அதன்பிறகு நடந்தது: வீட்டில் நான்கு நுளம்பு வலை. வேப்பிலைப் புகை. கானைச் சுத்தம் செய்யச் சொல்லி வாப்பா எழுதிய மனுக்கள் ஆறு, எல்லாவற்றிலும் 'என் மகளின் திருமணம் இந்தக் கானால் நின்றது' என்று ஒரு வரி. கடைசியில் பிரதேச சபை ஆட்கள் வந்து வெட்டிவிட்டார்கள். இப்போது எங்கள் ஒழுங்கையில் நுளம்பே இல்லை. எல்லாரும் வாப்பாவுக்கு நன்றி சொல்கிறார்கள். நான்தான் மொழிபெயர்க்கிறேன்.

வெள்ளி, ஜூலை 12

சு. எழுத்தை அனுப்பியிருக்கிறா, சுற்றில் சொல்ல வேண்டியது. பதினாலு பக்கம். "காலனித்துவம்" மட்டும் முப்பத்திரண்டு இடத்தில், எண்ணினேன். அதற்குச் சைகை தெரியாது. எங்கள் வீட்டில் அது வந்ததே இல்லை.

ஜும்ஆவுக்குப் பிறகு மூன்று பேரும் இருந்து முடிவு செய்தோம்.

போர்த்துக்கீசர்: பாண் வெட்டுவது. (உம்மா. மறுபேச்சில்லை.)
ஒல்லாந்தர்: பெரிய பூட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகுவது. வாப்பா சொன்னது. "கோட்டையக் கட்டினான், பூட்டினான். வேறென்ன செஞ்சான்?"
ஆங்கிலேயர்: கழுத்துப்பட்டி இறுக்குவது.
காலனித்துவம்: கதவைத் தட்டு, உள்ளே வா, கதிரையில் இரு, கால்மேல் கால் போடு, வீட்டுக்காரனைப் பார்த்து "நீ யார்?" என்று கேள். இதுவும் வாப்பா. செய்து முடிக்க எட்டு செக்கன். முப்பத்திரண்டு தரம் எட்டு செக்கன்.
காலனித்துவ நீக்கம்: உம்மா யோசித்துவிட்டு, இருக்கிறவனுக்குக் கீழே இருந்து கதிரையை இழுத்தா.

சிரித்து வயிறு நோவு. பால் பொங்கி அடுப்பெல்லாம்.

சனி, ஜூலை 13

எழுதவேண்டியது நிறைய. கை நோவு, பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும்.

வெயில், காற்று, கிட்டங்கித் தகரம் படபடவென்று அடிக்கிறது. அதைக் கேட்டு நானும் சு.வும் மட்டும் திடுக்கிட்டோம். வந்தவர்கள் ஒன்பது பேர்: புத்தளம், முந்தல், சிலாபம், எங்கள் வீட்டு இரண்டு பேரோடு. வீட்டில் சிங்களம் எழுதுகிறவர்களும் தமிழ் எழுதுகிறவர்களும். கை கிட்டத்தட்ட ஒன்றுதான். சிலாபத்து மல்லிகா அக்கா பேக்கரியில் வேலை, போர்த்துக்கீசருக்குப் பாண் வெட்டியதும் உடனே பிடித்துக்கொண்டா.

முதலில் பிரதம விருந்தினர் பேச்சு (பி.வி., பேர் வேண்டாம், பெரிய ஆள்). பதினைந்து நிமிடமாக வரலாற்றின் முக்கியத்துவம். வாப்பா எனக்குக் காட்டினார்: "சுருக்கு." முடியாது, விதி. பதினாறாவது நிமிடம் வாப்பா இரண்டு கையையும் மேலே தூக்கி விரலை ஆட்டினார். அது எங்கள் கைதட்டல். மற்ற எட்டுப் பேரும் தூக்கி ஆட்டினார்கள். பி.வி. அதைப் போய்வா என்று சொல்வதாக நினைத்தார் போல. "சரி, அப்ப நான் முடிச்சிக்கிறேன்" என்று இருந்துவிட்டார்.

முதல் படைப்பு: ஒரு பழைய கதிரை, ஒரு அலுமாரி, ஒரு றாத்தல் பாண். 'போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொற்கள். இன்று இவை நம்முடையவை' என்று பலகை. நான் திரும்பிப் பார்க்க முந்தி வாப்பா கதிரையில் இருந்துவிட்டார்.

சு.: "ஐயோ, ஐயாவை எழும்பச் சொல்லுங்கோ, அது கலைப்படைப்பு."

சொன்னேன். வாப்பாவின் பதிலை விதிப்படி வாயால் சொன்னேன்: "இப்ப எங்கட எண்டு நீங்கதானே எழுதி வச்சிரிக்கீங்க? நான் இந்தக் கதிரயிலதான் இருப்பன். எனக்குக் கால் நோவு."

சு. என்னைப் பார்த்து: "நீங்கள் இருக்கேல்லையே, நிண்டுகொண்டுதானே நிக்கிறியள்?" தான் போட்ட விதி தனக்கே மறந்துவிட்டது. பி.வி. பரிதாபப்பட்டு எனக்கு வேறொரு கதிரை கொண்டுவரச் சொன்னார்.

அடுத்தது துணியில் சிவப்பு நூலால் தைத்த களப்பு வரைபடம், ஒல்லாந்தர் போட்ட எல்லைகளாம். வாப்பா ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். நான் வாயால்: "நான் முப்பது வருசம் தைக்கிறன். முடிச்சே போடல்ல. இந்த எல்லை ஒரு மாரிக்குத் தாங்காது." சு.வின் முகம் விழுந்தது. பிறகு மெல்ல: "உண்மைதான். கடைசிக் கிழமை அவசரத்திலை தைச்சது." அதையும் கையால் சொன்னேன். ஒன்பது பேரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள்.

பிறகு ஒரு இருட்டறை. உள்ளே துடுப்புச் சத்தம், அலைச் சத்தம், யாரோ ஒல்லாந்து மொழியில் உப்பு மூட்டை எண்ணுகிற குரல். அவ்வளவுதான், பார்க்க ஒன்றும் இல்லை. இருட்டில் என் கையும் தெரியவில்லை. ஒன்பது பேரும் நின்றார்கள், நானும் நின்றேன். சு. வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு: "கடவுளே, இதை நான் யோசிக்கேல்லையே." மல்லிகா அக்கா ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வெளிச்சத்துக்கு வந்து சொன்னா: "எங்கட வீட்டு பிரிஜ் மாதிரி." உடனே எல்லாரும் வரிசையில் நின்று தொட்டார்கள். உம்மாவுக்கு இதுதான் ஆகப் பிடித்தது. இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

கடைசி ஓவியம். ஒரு பக்கம் ஒல்லாந்து அதிகாரி, ஒரு பக்கம் கரையில் ஊர்ச்சனம். நடுவில் ஒருவன், மேலே கோட்டு, கீழே சாரம். அவனுக்கு இரண்டு வாய்.

சு.: "இவர்தான் துவிபாஷி. ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆள். அதிகாரி என்ன சொன்னார், சனம் என்ன சொன்னது, எல்லாம் இவரைத் தாண்டித்தான் போகும். இவர் சரியாச் சொன்னவரோ பிழையாச் சொன்னவரோ, ஒருத்தருக்கும் தெரியாது."

இதைக் கையால் சொல்லும்போதே காது சூடாகிவிட்டது.

வாப்பா முன்னுக்கு வந்து கை தூக்கினார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் வாயால்: "எனக்கு மொழிபெயர்ப்பாளரிட்ட ஒரு கேள்வி இரிக்கிது."

"எந்த மொழிபெயர்ப்பாளர்? படத்திலை இருக்கிறவரோ?" என்றா சு.

வாப்பா விரலை நீட்டினார். என்னை.

பிறகு அவர் கை சொல்ல என் வாய் சொன்னது, ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல், பி.வி.க்கு முன்னால்: "ரெண்டு வருசத்துக்கு முந்தி என்ட வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க. ஒரு மனுசன் ஒரு கேள்வி கேட்டான். என்ட மகள் எனக்கு அத நுளம்பு எண்டு சொன்னா. நான் காது கேக்காதவன். கண் தெரியாதவன் இல்ல. நுளம்பப் பத்திக் கேக்கிறவன் நிலத்தப் பாத்துக் கேக்க மாட்டான். நான் ரெண்டு வருசமா யோசிக்கிறன். அவன் என்ன கேட்டான்?"

சு. கண் கலங்கி, கைதட்டத் தொடங்கிவிட்டா. "என்ன அருமையான யோசனை! ரெண்டு பேரும் பழகிச் செய்ததோ?" பி.வி. குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். நான் வாப்பாவுக்கு: "வீட்ட போய்ச் சொல்றன்." பி.வி. கேட்டார், "இப்ப என்ன சொன்னீங்க?" விதி. "வீட்ட போய்ச் சொல்றன்" என்று உரத்துச் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

புரியாணி நல்லமாம். நான் சாப்பிடவில்லை. வரிசையில் ஒவ்வொருவராக வந்து காட்டினார்கள்: "என்ன கேட்டான்?" மல்லிகா அக்கா சீதனம் என்று நினைக்கிறா. முந்தலிலிருந்து வந்த ஒரு நானா: "கட்டாயம் உன் வயசைத்தான்."

ஞாயிறு, ஜூலை 14

லீவு. ரொட்டிக்கு மா குழைத்தேன். கையில் மா இருந்தால் கதைக்க முடியாது. ஆகவே காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை குழைத்தேன். வாப்பா எதிரே கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கு உம்மா வந்து கோப்பையைப் பிடுங்கி, என் கையைக் கழுவித் துடைத்து, மடியில் வைத்துவிட்டுப் போனா.

வாப்பா: "சொல்லு."
நான்: "ஞாபகமில்ல."

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒருவரோடு கதையை முறிப்பது அப்படித்தான். கண் மூடினால் உலகமே பேசினாலும் கேட்காது. மூடிய கண்ணோடேயே எழும்பித் தையல் அறைக்குப் போனார், நிலையில் இடித்தார், திறக்கவில்லை.

ரொட்டி கல்லுப் போல.

செவ்வாய், ஜூலை 16

சொல்லிவிட்டேன்.

லொட்ஜால் வந்து, உடுப்பு மாற்றாமல் தையல் அறைக்குப் போனேன். நேற்று முழுக்க அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்று மெஷினின் விளக்கை இரண்டு தரம் அணைத்து ஏற்றினேன். நிமிர்ந்தார். உம்மாவும் வந்து வாசலில் நின்றா.

சொல்லுக்குச் சொல் காட்டினேன். பொறக்கிற பிள்ளைகள். இவரைப் போல. ஊமை. அந்தச் சொல்லுக்கு ஒரு அசிங்கமான சைகை இருக்கிறது, ரோட்டில் பொடியன்கள் காட்டுவது. வீட்டில் நான் ஒருநாளும் காட்டியதில்லை. காட்டினேன். நான் மாமாவுக்குச் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொன்னேன்.

வாப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு: "அவ்வளவுதானா?"

தலையாட்டினேன்.

"இந்தக் கேள்விய உம்மாட வாப்பாவும் கேட்டார், எங்கட கலியாணத்துக்கு முந்தி, அகதி முகாமில வச்சி. காதத் தொட்டார், புள்ள உசரத்துக்குக் கைய வச்சார், என்ன செய்வ எண்டு கேட்டார். நான் சொன்னன், வந்தா நல்லம், வீட்டில கதைக்க மூணாவது ஆள் கிடைக்கும்."

உம்மா குறுக்கே வந்தா. அவவுக்குச் சிரிப்பு. "நீ பொறந்து நாப்பதாம் நாள் இவர் உன்ட தொட்டிலுக்குப் பின்னால பேணி மூடியப் போட்டார். நீ துள்ளி எழும்பிக் கத்தினாய். நாங்க ரெண்டு பேரும் பயந்திட்டம். காது கேக்கிற புள்ளய எப்பிடி வளக்கிறது? அதுக்கு என்ன குடுக்கிறது?"

வாப்பா: "ரேடியோ வாங்கினன்."

இது எனக்குத் தெரியாது. இருபத்தொன்பது வருடம் யாரும் சொல்லவில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது ஒன்றும் கொண்டுவரவில்லை, முதலில் வாங்கிய பெரிய சாமான் மெஷின், இரண்டாவது எனக்கு ரேடியோ. காலையில் போட்டால் மஃரிபுக்குத்தான் நிறுத்துவார்களாம், பிள்ளைக்குக் காது வளரட்டும் என்று. நாலு மாதம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தபோதுதான் தெரிந்ததாம், ஒரு நிலையமும் பிடிக்கவில்லை, நாலு மாதமும் வெறும் இரைச்சல் என்று.

எனக்கு அழுகையும் சிரிப்பும். மூக்கு ஒழுகியது. வாப்பா வெட்டுத் துணித்துண்டு ஒன்று தந்தார்.

பிறகுதான் கோபம். அவர் கோபப்பட்டால் கை சின்னதாகிவிடும், நெஞ்சுக்குக் கிட்டே வைத்துக் காட்டுவார்.

"அவன் சொன்னத நீ எனக்கு மறைச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. வீட்டுக்கு வந்த மனுசன எழும்பிப் போ எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்ல. என்ட வாயில நீ அத வச்சாய். கோவம் வந்தது உனக்கு. உன்ட பேரில கோவப்படு. என்ட பேரில ஏன்?"

துணித்துண்டை மடித்தேன், விரித்தேன்.

கொஞ்சம் கழித்துத் தானே சிரிக்கத் தொடங்கினார். "அப்ப அதுதானா! என்னக் கண்டா அந்த ஹாட்வெயார்காரன் குடைய விரிச்சி மூஞ்ச மறைக்கிறான். வெயிலுக்கு எண்டு நெனச்சன்."

வெள்ளிக்கிழமை போகிறோமாம். கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். நான் வரவேண்டும்.

வேண்டாம் என்றேன். அந்தத் தாடிக்காரன் கட்டாருக்கு வேலைக்குப் போய், கலியாணமும் முடித்து, பிள்ளையும் பிறந்துவிட்டது என்றேன். "நான் தாடிக்குப் பதில் சொல்லப் போகல்ல" என்றார்.

வெள்ளி, ஜூலை 19

லொட்ஜில் அரை நாள் லீவு. (காரணம் என்று எழுதியது: குடும்ப மொழிபெயர்ப்பு.)

ஜும்ஆ முடிந்து வாப்பா நேரே பசாருக்கு. நான் பின்னால். காற்றில் என் அபாயா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹாட்வெயார் மாமா எங்களைக் கண்டார். கடைக்குள் குடை விரிக்க முடியாது. கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார். வாப்பா காத்து நின்றார். எவ்வளவு நேரம்தான் தேடுவார், நிமிர்ந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார், என்னிடம்.

வாப்பா மெதுவாக, பெரிய கையால் சொன்னார். நான் வாயால், நான் என்றே:

"நீங்க ரெண்டு வருசத்துக்கு முந்திக் கேட்ட கேள்வி எனக்குச் செவ்வாக்கிழமதான் வந்து சேந்திச்சி. பிந்தினதுக்கு மன்னிக்கணும். எழும்பிப் போங்க எண்டது நான் சொன்னதில்ல, என்ட மகள் சொன்னது. உங்கட கேள்விக்குப் பதில் இது. புள்ளயள் என்னப் போல வந்தா நல்லாத் தைக்கும். உங்களப் போல வந்தா நல்லா ஆணி விக்கும். ரெண்டு பேரும் ஊருக்குத் தேவதான்."

பிறகு நான் என் பேரில்: "அண்டைக்குப் பொய் சொன்னது நான்தான், மாமா. ஆனா நீங்க கேட்டதும் சரியில்ல." இதை வாப்பாவுக்கும் காட்டினேன். தலையாட்டினார்.

மாமா கதவுப் பிணைச்சல் பெட்டியைத் திறந்தார், மூடினார். வேர்த்துவிட்டது. கடையில் பெயின்ட் வாங்க வந்த ஆள் வாளியோடு அப்படியே நின்றான். வெளியே கடைமுன் கூடாரத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, நடுவில் இரண்டு முழத்துக்குக் கிழிசல். மாமா அதைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், நிலத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இந்தத் துணியத் தைச்சித் தருவாரா எண்டு கேளுங்க."

கேட்டேன், சொல்லுக்குச் சொல்.

வாப்பா கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "உண்மையா? இதத்தான் கேட்டானா?"

"அல்லாஹ் மேல ஆணையா இதத்தான்."

நம்பவில்லை. என்னைக் கையால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மாமாவிடமே போனார். கிழிசலைக் காட்டினார், ஊசி பிடித்துத் தைப்பது போலக் காட்டினார், புருவத்தைத் தூக்கினார். மாமா வேகமாகத் தலையாட்டினார். வாப்பா ஸ்டூலில் ஏறித் துணியைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்து, பழைய தையல்காரனைப் பற்றி முகத்தாலேயே ஏதோ சொன்னார். மாமா சிரித்துவிட்டார். இரண்டு விரல் காட்டினார், இரண்டு நாளா? வாப்பா நாலு. மாமா கையைக் கூப்பினார். மூன்று.

பெயின்ட்காரனும் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

நான் ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். கால் மணி நேரம். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.